ஏழாம் நாள் வெள்ளி

பத்தேகால் மணிக்குச் சாரல் விட்டது.
கன்னடியன் கால் பாயும் மூன்றாம் பாத்தியில்
கார் நெல் இன்று முதல் வாய் திறந்தது.

இதழ் கிடையாது. உமி இரண்டும் விலகி
ஆறு மகரந்தப் பை வெளியே தொங்கும்,
மதியத்துக்குள் மூடிக்கொள்ளும்.
மூடியதும் குனிந்து
ஒவ்வொன்றின் மூக்கிலும் பொட்டு வைக்கவேண்டும்,
முதல் நாள் சிவப்பு, மறுநாள் நீலம்,
இப்படியே போய் ஏழாம் நாள் வெள்ளி நிறம்.
வீரவநல்லூர் ஃபேன்சி ஸ்டோரில்
ஏழு குப்பி நகப்பூச்சு வாங்கினேன்.
"கல்யாணமா?" என்றான் கடைக்காரன்.
"ஆமா, கதிருக்கு நூற்றி நாற்பது பொண்ணு."

கதிர் மேலிருந்து கீழே பூக்கிறது.
உச்சிக் கிளைக்கு முதல் பந்தி.
சாறு ஏறி வருவதோ கீழிருந்து;
காம்போரத்துச் சில்லறைக் கிளைகளின்
வாசலைத் தாண்டித்தான்
மேலே போகிறது அத்தனை பாலும்.

உயரம்தான் காரணம் என்று நினைத்தேன்.
ஒற்றைக் கிளையைக் கண்ணருகே பிடித்தால்
நுனிமணி முதலில் பூக்கிறது,
பிறகு அடிமணி, அங்கிருந்து ஒவ்வொன்றாய் மேலே.
நுனியை ஒட்டி இருக்கும் இரண்டாவதுதான்
எல்லாருக்கும் கடைசி.
பக்கத்து இலை எடுத்தபிறகு
அதற்கு இலை விழுகிறது.

அறுத்து, காயவைத்து,
மின்விசிறியை நிறுத்தி
கண்ணாடிக்கூண்டுத் தராசில் ஒவ்வொரு மணியாய்.
சிவப்பு இருபத்தைந்து மில்லிகிராம்.
வெள்ளி பதினெட்டு.
"பொட்டைக் கழிச்சியா?" ஜெசிந்தா மேடம் கேட்டார்.
ஒரு பகல் முழுக்க
வெற்று உமிகளுக்குப் பூச்சடித்து நிறுத்தேன்.
நிறம் அரை மில்லிகிராம்.

வரப்போரத்துப் பத்துக் கதிர்களில்
சிவப்பையும் நீலத்தையும்
பூத்த அன்றே கத்தரித்திருந்தோம்.
அங்கே வெள்ளி இருபத்திரண்டு.
மேடம் இரண்டு தடவை நிறுக்கச் சொல்லி
சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

மடை பார்க்க வந்த வண்ணமுத்து
சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.
"வெட்டுன கதிர்ல மொத்தத்துல கூடிருக்கா பிள்ள?"
"இல்லண்ணே. குறைச்சல்தான்."
"அப்ப சரி" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டார்.
எது சரி என்று கேட்கவில்லை.

மணிகளைக் கவரில் போட்டு ஒட்டினேன்.
என் கட்டைவிரலில் சிந்திய ஏழாம் நாள்
நகத்தோடு வளர்ந்து வளர்ந்து
நுனிக்கு வந்திருந்தது.