எழுவாய்

பெதஸ்டாவில் ஜூன் மாதம்.
மெட்ரோவின் நீண்ட நகரும் படியில்
பாதி தூரம் நின்று, பாதி தூரம் ஏறி
ஒன்பது மணிக்கு வாசல் சோதனையில் நிற்கிறேன்:
பெல்ட், கடிகாரம், மதிய உணவு டப்பா.
அடையாள அட்டையில் என் பெயர் ரோவன் டில்.
டில்லார்டின் மிச்சம் அச்சில் விழவில்லை.
பத்து வாரப் பயிற்சிக்கு இது போதும் என்றார்கள்.

பெரிய சொற்களைச் சின்னதாக்குவது என் வேலை.
ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும், அதுதான் அளவுகோல்.
ஃபைப்ரோஸிஸ் என்றால் நுரையீரலில் தழும்பு.
பிளாசிபோ என்றால் மருந்தில்லாத மாத்திரை.
பாதகமான நிகழ்வு என்றால்
வாந்தி, அரிப்பு, சில சமயம் சாவு.
ஒவ்வொரு வரிக்கும் மென்பொருள் மதிப்பெண் போடும்.
சாவு சின்னச் சொல்,
நல்ல மதிப்பெண்.

மூன்றாம் வாரம் ஒரு கோப்பு வந்தது.
நிலக்கரித் தூசி தின்ற நுரையீரல்களுக்கு ஒரு மருந்து,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர், நாலு வருஷம்.
பலிக்கவில்லை.
பங்கேற்றவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் வேண்டும்,
எழுத்து பெரிதாக, நீல நிறம் இல்லாமல்.

மருத்துவர்களின் அறிக்கையில் ஒரு வரி:
"அறுபத்தொரு நோயாளிகள் சிகிச்சையில் தோற்றார்கள்."
மறுபடி படித்தேன்.
நோயாளிகளா?
எந்தத் தேர்வில், யார் வைத்த தேர்வில்?
பக்கத்து மேசை யோதித்திடம் கேட்டேன்.
இஞ்சிராவைக் கிழித்துப் பருப்பில் தோய்த்தபடி
"எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்,
பதினோரு வருஷமாய் என் கண் அதைத் தாண்டிப் போகிறது" என்றாள்.
கை பாதியில் நின்றது.
"எங்கே, காட்டு."

எழுவாயை மாற்றினேன்.
பயனிலையில் விகுதி மட்டும் மாறியது.
மருந்து தோற்றது.
இரண்டே சொல்.
மென்பொருள் நூற்றுக்கு நூறு போட்டது.

சட்டப் பிரிவு திருப்பி அனுப்பியது:
"எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை."
காணாதவர் யார்?
அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை,
ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மாதிரி.
மாற்றினேன். வந்தது. மாற்றினேன்.
புள்ளியியல்காரர்கள் "போதிய அளவு" சேர்த்தார்கள்.
"வருந்துகிறோம்" என்பதை யாரோ எடுத்துவிட்டார்கள்,
வருந்தினால் பொறுப்பு வந்துவிடுமாம்.
ஒன்பதாம் பிரதியில் என்னுடையதென்று
ஒரு காற்புள்ளி மிஞ்சியது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், தொலைபேசி என் முறை.
வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ஒரு குரல்,
சொல்லுக்குச் சொல் நடுவே ஆக்சிஜன் குழாயின் சீறல்.
வெண்டல் ப்ரூயிட். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்துக்குள்.
கடிதம் வந்தது, மகள் வாசித்துக் காட்டினாள்.
"பயன் காணப்படவில்லை என்றால்
நான் மாத்திரையை ஒழுங்காய்ப் போடவில்லை என்கிறீர்களா?
ஒரு நாள் விட்டுப்போனது உண்மை.
பேத்தி பள்ளி முடித்த அன்றைக்கு.
அதனாலா?"

மேசையில் அனுமதிக்கப்பட்ட பதில்களின் தாள்.
ஏழு பதில்கள்.
விரலால் கீழ்வரை தேடினேன்.
யோதித் திரும்பிப் பார்க்கவில்லை,
தட்டச்சுச் சத்தம் மட்டும் நின்றது.

"இல்லை, மிஸ்டர் ப்ரூயிட்.
தோற்றது மருந்து. நீங்கள் இல்லை."

சீறல்.
சீறல்.
அங்கே எங்கோ ஒரு நாய் குரைத்தது.
"அதையே எழுதியிருக்கலாமே."
"எழுதினேன்."
சிரித்தார், இருமினார்,
எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.
கதவைத் திறந்து நாயை உள்ளே விட
எழுந்து போக வேண்டும் என்றார்,
அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்.
இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தேன்,
கால்கள், குழாய் இழுபடும் ஓசை, தாழ்ப்பாள்.

அழைப்புப் பதிவேட்டில் மூன்று பத்திகள்:
கேட்டவர், கேள்வி, கொடுத்த பதிலின் எண்.
மூன்றாவதில் எட்டு என்று எழுதினேன்.

பயிற்சி முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.
எட்டாவது பதில் எது என்று
யாரும் கேட்கவில்லை.