பன்னிரண்டு கிலோ

சாட்ஸ்வொர்த்தில் கோகிலத்தின் மசாலாக் கடை.
ஷட்டர் பாதி இறங்கிய பின்
மிளகாய்த்தூள் நிறுக்கும் தராசில்
எங்கள் முதுகுப்பைகளை
ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ.
அதற்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும்
மலை வட்டி போட்டு வாங்கும் என்றான் பூபாலன்,
மூன்று முறை போய்வந்தவன்,
வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன்.

என்னுடையது பதினைந்தரை.

இரண்டாவது ஸ்வெட்டர் போயிற்று.
சீப்பு, பவுடர் போயிற்று.
பல்துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தான் பூபாலன்,
நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டான்.
மருந்துப் பை என் பொறுப்பு:
தலைவலிக்கு, வாந்திக்கு, கொப்புளத்துக்கு.
பயத்துக்கு? என்றார் ஜெயசீலன்.
எடை தாங்காது என்றேன்.
எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்றை
சலோஷ்னி தூக்கப்பையின் மடிப்புக்குள் தள்ளியதை
நானும் தராசும் மட்டும் பார்த்தோம்.

நான்கு மாதமாக
இரவுப் பணி முடிந்ததும்
மருத்துவமனைக் கார் நிறுத்தத்தின் ஏழு மாடியையும்
பத்துக் கிலோ அரிசியைச் சுமந்து ஏறி இறங்கியிருந்தேன்.
முதல் வாரம் காவலாளி கேட்டார், லிஃப்ட் பழுதா என்று.
இரண்டாம் வாரம், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று.
அதன்பின் கேட்கவில்லை.
ஏழாம் மாடியில் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்.
அந்த அரிசியை இன்னும் சமைக்க மனம் வரவில்லை.

பின்னிரவு இரண்டு மணிக்கு டர்பனை விட்டோம்.
வேன் ரீனன் கணவாயில் காது அடைத்தது.
ஹாரிஸ்மித் பெட்ரோல் நிலையத்தில் காப்பி.
கடலோரத்து ஆட்கள் நாங்கள்,
குளிர் என்றால் ஃபிரிட்ஜின் கதவு வரை தெரியும்.
ஆளுக்கொரு மேகத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசினோம்.

வண்டி நிற்கும் இடமே இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர்.
ஷூக்கயிறு கட்டக் குனிந்து
நிமிர்ந்தேன்.
மலை இருந்த இடத்தில் இருந்தது,
என் தலைதான் ஓர் அடி தள்ளி நின்றது.

வாசல் அறையில் ஒரு பதிவேடு.
பெயர். வழி. திரும்பும் நாள்.
கடைசிக் கட்டங்கள் இரண்டு:
திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்வது,
உறவுமுறை.

பதினெட்டு வருடம் எந்தப் படிவத்திலும்
யோசிக்காமல் நான் எழுதிய எண் ஒன்று உண்டு.
அதற்குரியவர் இப்போது ப்ரிட்டோரியாவில்
வேறொருத்தியின் படிவங்களில் இருக்கிறார்.
விரல் முதல் மூன்று இலக்கத்தை எழுதிவிட்டது.
அடித்தேன்.

மேல் வரியில் சலோஷ்னி
என் பெயரை எழுதியிருந்தாள்.
தோழி என்று.
வழிகாட்டி மொகெட்டே தலையில் கை வைத்தார்:
"ம்மே, நீங்கள் விழும் இடத்தில்தானே
இவரும் இருப்பார்?
கீழே இருக்கும் ஆளைச் சொல்லுங்கள்."
தெரியும் என்றாள்.
மாற்றவில்லை.

பின்னால் நால்வர் காத்திருந்தார்கள்.
பேனா விறைத்துப்போய்
அழுத்தினால்தான் எழுதியது.
கோகிலத்தின் கடை எண்ணை எழுதினேன்.
உறவுமுறை?
கடை என்றே எழுதினேன்.

ஈட்டிகளின் வேலி என்று ஜூலு மக்கள் பெயரிட்ட மலைத்தொடர்,
வெயில் ஒவ்வொரு முனையாகத்
தீட்டிக்கொண்டிருந்தது.
சங்கிலி ஏணி எங்கே இருக்கிறது என்றேன்.
"ஏணி வரும்போது ஏணி" என்றார் மொகெட்டே,
"இப்போது இந்தக் கல்."

அந்தக் கல்லில் கால் வைத்தேன்.
பிறகு அடுத்தது.
நாலு கல்லுக்கு ஒன்று என்றிருந்த மூச்சு
இரண்டுக்கு ஒன்றானது.
யாரும் பேசவில்லை.
எனக்கு முன்னால் சலோஷ்னியின் குதிகால்,
அதில் நான் ஒட்டிவிட்ட பிளாஸ்திரி.

மூன்றாம் வளைவில்
தொப்பியைத் தேடிப் பையைத் திறந்த பூபாலன்
தும்மினான்.
அவனைத் தொட்டு ஜெயசீலன், பிறகு நான்.
ஏழு பைகளிலும் தராசுத்தட்டின் மிளகாய்.
எதிர்ப்பாறை ஒவ்வொரு தும்மலையும்
சற்றுத் தாமதித்துத் திருப்பித் தந்தது.

மொகெட்டே நின்று பார்த்தார்,
இது என்ன பிரார்த்தனை என்பதுபோல்.

தும்மிக்கொண்டே நடந்தோம்.