கிஃப்ட் என்று எழுதிய டின்

ஹித் உலர்துறையில் கருவிக் கிடங்கு என் பொறுப்பு.
ஏசி ஒழுகும்; பேரேட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள்.
பொருள், எடுத்தவன் கையெழுத்து, திருப்பிய நேரம்,
பழுது இருந்தால் சிவப்பு மசியில்.
பதினொரு வருஷம் இந்த ஜன்னலில் நின்றதில்
முகத்துக்கு முன்னால் வாயைத்தான் அடையாளம் தெரிகிறது.

கப்பலை நான் ஷிப் என்று படித்தேன்.
யோகெனுக்கு அது ஷிஃப்.
பிரெபென் பாதியை விழுங்கி ஸ்கீப் என்பான்.
ஹெங்க் தொண்டையில் மணல் அள்ளி ஸ்ஹிப்.
கேப் டவுன்காரன் கோபுஸ் பேசினால்
ஹெங்க் சிரிக்கிறான்:
தன் மொழி தெற்கே கப்பலேறிப் போய்
வினைச்சொல்லின் வால்களையெல்லாம் கழற்றிவிட்டு
வெயிலுக்கு அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டதாம்.

எனக்கு இது புதிதில்லை.
என் அறையில் ஈரண்ணா பாலை ஹாலு என்கிறான்,
பத்தை ஹத்து, பல்லை ஹல்லு.
உதடு ஒட்டாமலே ஒரு பகரம்
துங்கபத்திரைக் கரையில் காற்றாய்ப் போயிருக்கிறது.
இவர்களுடைய பகரம் அவ்வளவு தூரம் போகவில்லை,
உதட்டோரம் பல் பட்டு நின்றுவிட்டது:
வடமொழி அக்காள் பிதா என்றாள், பாதம் என்றாள்;
தங்கை ஃபாதர் என்றாள், ஃபுட் என்றாள்.
யார் முதலில் பிசகினார்கள் என்று
கேட்க ஆளில்லை.

ஆகஸ்டில் வந்தது அந்த டின்.
வெயிலில் மண்டையோட்டுப் படம் வெளுத்து
நான்கே எழுத்து மிச்சம்: கிஃப்ட்.
பேரேட்டில் எழுதினேன்:
'அன்பளிப்பு, ஒன்று. அனுப்பியவர் தெரியவில்லை.'
யாதகிரி மூடியை ஆட்டிப் பார்த்து
அறைக்குக் கொண்டுபோகலாமா என்றான்.
பிரெபென் எட்டிப் படித்து
மோதிர விரலைத் தூக்கிக் காட்டினான்:
'எங்கள் ஊரில் இதற்குக் கல்யாணமானவன் என்றும் பொருள்.'
அந்த நேரம் யோகென் ஓடி வந்தான்,
காதுமூடி கழுத்தில் தொங்க,
'கிஃப்ட்! கிஃப்ட்!'
யாதகிரி பல்லெல்லாம் தெரிய டின்னை நீட்டினான்.
கோபுஸ்தான் பிடுங்கினான்.
நஞ்சு.
கப்பலடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசுகிற நஞ்சு.

ராத்திரி தூக்கமில்லை. போனில் தேடினேன்.
கொடுத்தல் என்ற ஒரே வேர்.
பொட்டலம் கட்டிக் கொடுத்தது ஒரு வீட்டில் தங்கியது,
பெண் கொடுத்தது இன்னொரு வீட்டில்,
கிண்ணத்தில் மருந்தென்று கொடுத்தது
அளவு தப்பி மூன்றாம் வீட்டில்.
இதில் வியக்க எனக்கென்ன உரிமை?
கொடு என்றால் தருவது,
கொடு என்றால் கொடியது,
இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு
நான் சோறு தின்கிறேன்.

வடக்கே ஏதோ குளிர்ந்த கரையில்
இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால்
இவர்களெல்லாம் ஒரே பேச்சாய் இருந்தார்களாம்.
அதை எழுதி வைத்தவர் இல்லை.
பிள்ளைகளின் ஜாடையை வைத்துத்
தாயின் சொல்லை வரைகிறார்கள்;
வரைந்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள்,
யாரும் பார்த்ததில்லை என்பதற்கு.
கிழக்கே போன காத் கிளை மட்டும்
கொஞ்சம் வேத வசனத்தைத் தோலில் எழுதிவிட்டு
வாரிசில்லாமல் முடிந்தது.
என் பேரேட்டிலும் உண்டு அப்படி:
எடுத்த கையெழுத்து இருக்கும்,
திருப்பிய நேரம் காலி.

காலையில் அன்பளிப்பைச் சிவப்பில் அடித்தேன்.
பக்கத்தில் நஞ்சு என்று எழுதி,
என்னமோ தோன்றி, முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டேன்.
சரிபார்க்க வந்த ஹெங்க்
அது என்ன குறி என்று கேட்கவில்லை.

சுகதன் அறைக்கு வந்த முதல் வாரம்
விடியற்காலம் 'வெள்ளம்! வெள்ளம்!' என்று கத்த
என் பெட்டியைத் தூக்கி மேல்கட்டிலில் எறிந்தவன் நான்.
குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், அவ்வளவுதான்.

இன்று ஷிப்ட் முடிந்து திரும்பும்போது
சட்டையெல்லாம் உப்புப் பூத்து
அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.
வெள்ளம் என்றான்.
கொடுத்தேன்.