அன் கோ

பெயர்ப்பலகையில் மூன்று பேர் இருந்தோம்:
நீக்கிலாப்பிள்ளை, அரியகுட்டி அன் கோ,
இறைப்பு மிசின் செய்வோர், ஸ்ரான்லி வீதி.
"கோ எண்டு ஆரைச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.
"நீதானடாப்பா" என்று இருவரும் சிரித்தார்கள்.
அவர்கள் சேர்ந்து சிரித்ததை
அதன்பிறகு நாலைந்து தரம் கண்டிருப்பேன்.

கோ என்றால் அரசன். கோ என்றால் பசு.
நான் மர அச்சுச் செதுக்குகிறவன்,
அச்சொன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.

கப்பலில் சாமான் வராத வருசம்.
வெங்காயம் மட்டும் விலையேறி நின்றது.
உரும்பிராயில், இணுவிலில்
செம்மண் முழுக்கத் தண்ணீர் கேட்டது.
நீக்கிலாப்பிள்ளை குருநகரில் படகு எஞ்சின் திருத்தியவர்,
காதை வைத்தே வருத்தம் சொல்வார்.
வார்ப்பும் உலையும் அவர் பாடு.
அரியகுட்டிக்கு லேத். நூலளவு பிசகினாலும்
அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.
ஆளுக்கு இரண்டாயிரம் போட்டார்கள்.
அதில் ஒரு பாதி அரியகுட்டி மனைவியின் அட்டியல் என்பது
அடைவுகடைக்காரனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

பழைய தையல் மிசின் கால்களை
ஒடியல் முறிப்பதுபோல் முறித்து
உலையில் போடுவோம்.
இரும்பு ஆறும்போது ஒடுங்கும்.
அடிக்கு அரைக்கால் அங்குலம்
கூட்டித்தான் மரத்தில் செதுக்கவேண்டும்.
பெயர்களையும் அப்படியே கூட்டிச் செதுக்கினேன்.
மணலில் அவை இடம்வலம் மாறிக் கிடக்கும்,
இரும்பில் எழும்பும்போது நேராகிவிடும்.

முதல் மிசின் தண்ணீர் கக்கிய நாள்
நீக்கிலாப்பிள்ளை உடுப்போடு வாய்க்காலில் இருந்துவிட்டார்.
அரியகுட்டி செருப்பைக் கழற்றி
கையில் வைத்துக்கொண்டு நின்றார்,
கோயிலுக்குள் நிற்பதுபோல.

நாலாவது மிசின் கடனுக்குப் போனது,
அரியகுட்டியின் மச்சானுக்கு.
பன்னிரண்டாம் நாள் வெடித்துத் திரும்பி வந்தது.
"வார்ப்பில ஓட்டை" என்றார் அரியகுட்டி.
"கடைஞ்ச பிழை" என்றார் மற்றவர்.
பிறகு சாதியைச் சொன்னார்கள்,
பிறகு வேதத்தை,
கடைசியாய் மச்சானை.

நான் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுவர் ஒரு பக்கம் பப்படமாய் மெலிந்திருந்தது.
உள்ளே வைத்த மணற்கரு
ஒரு நெல்லளவு அசைந்திருக்கிறது.
கரு அசையாமலிருக்க அச்சில் ஒரு குழி இருக்கும்.
அந்தக் குழியைத் தோண்டியவன் நான்.
அன்றைக்கு என் மகளுக்குக் காய்ச்சல்,
அவசரத்தில் கொஞ்சம் கூடத் தோண்டிவிட்டேன்.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.
கோவிடம் ஆர் கேட்பது?
நானும் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம், ஆறு மிசின்.
நொத்தாரிசு கந்தோரில் பிரித்து எழுதினார்கள்.
லேத் அரியகுட்டிக்கு,
அதைச் சுழற்றிய மோட்டர் நீக்கிலாப்பிள்ளைக்கு.
உலை இவருக்கு, துருத்தி அவருக்கு.
ஒன்றையும் ஒருவராலும் ஓட்ட முடியாதபடி
அவ்வளவு நீதியாய்ப் பிரித்தார்கள்.
முத்திரையில் எச்சில் தடவும்போது மட்டும்
நீக்கிலாப்பிள்ளையின் கை நடுங்கியது.
எனக்கு முப்பத்தாறு ரூபாய் பாக்கி.
அதற்குப் பதிலாக, ஒருவருக்கும் வேண்டாத
பெயர் அச்சைத் தந்தார்கள்.

ஒன்பது வருசம் கழித்து
புன்னாலைக்கட்டுவனில் ஒரு கிணற்றடியில் நின்றேன்.
பச்சைப் பெயின்ற் மூன்று படை அடித்திருந்தது.
எழுத்துகள் மூழ்கிப்போய், விரலுக்கு மட்டும் தெரிந்தன.
மொட்டை விரலால் தட்டினேன்.
ஒரு பக்கம் கனத்த ஒலி.
மறுபக்கம் மெல்லிய ஒலி.
அதே அச்சு, அதே குழி.
ஒன்பது வருசமாய்த் தாங்கிக்கொண்டு
தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நல்ல சாமான்" என்றான் தோட்டக்காரன்,
வாய்க்காலை மண்வெட்டியால் திருப்பியபடி.
"ஆர் செய்தது?"

"ரெண்டு பேர்" என்றேன்.