ஏழும் எட்டும்

வலப்பக்கம், மட்காட்டிலிருந்து அச்சுக்கு
இருபத்தொன்றரை அங்குலம்.
இடப்பக்கம் பத்தொன்பது.
டேப்பை உதறிவிட்டு முஸம்மில் இன்னொருக்கா அளந்தான்.
"லொறி ஆரையோ ஒட்டுக்கேக்குது அக்கா."

நாலாம் கட்டை. கச்சான் காற்று
கண்டி வீதிப் புழுதி முழுவதையும்
கராஜுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது.
ஆமிக்காரர் ஏலம்விட்ட ஃபோர் வீல்,
நான் அதற்கு மூன்றாவது சொந்தக்காரி.
கோடை பிறந்தால் திரியாய்க்கு மேற்கே
பாதை என்று ஒருவரும் சொல்லாத பாதையில்
நாலாயிரம் லீற்றர் குடிதண்ணீர்.
பாலைமர வேர், வயலில் காய்ந்த மண்கட்டி,
ஆனை ஈரத்தில் மிதித்து வெயிலில் இறுகிய குழி,
எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தது ஸ்பிரிங்.

யூ போல்ட் நாலும் வெட்டித்தான் வந்தன.
சென்டர் போல்ட் கழன்றதும்
ஏழு பட்டையும் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன.
இடையிடையே துரு, மிளகாய்த்தூள் நிறத்தில்.
மூன்றாவதில் மயிரிழை வெடிப்பு.
தாய்ப்பட்டையில் வளைவே இல்லை,
அடிமட்டமாய் வைத்துக் கோடு கீறலாம்.

புதுசு கொழும்பில்தான். விலை கேட்டேன்.
லொறியை விற்றால் வாங்கலாம்.

"நெருப்புக் காட்டினா ஸ்பிரிங் செத்துப்போகும்" என்றான்.
தண்டவாளத் துண்டில் கிடத்தி, உட்பக்கமாக,
விரற்கடைக்கு ஓர் அடி.
சோக்கால் தரையில் கீறிய வில்லோடு
பட்டை பொருந்தும்வரை
இரண்டு நாள், லுஹருக்கு மட்டும் சுத்தியல் ஓய்ந்தது.
மூன்றாம் பட்டைக்கு
கிண்ணியா மண் டிப்பர் ஒன்றின் மிச்சம்.
கறுத்த கிரீஸ். புது யூ போல்ட்.
"பழசைப் பூட்டினா என்ர பேரைச் சொல்லாதீங்க."

தாங்கியை நிரப்பினோம்.
லொறி மெல்ல, வெட்கமில்லாமல்,
இரண்டு விரல் இடப்பக்கம் சாய்ந்தது.

முஸம்மில் அடியில் படுத்தான். எழுந்தான்.
மேலே ஏறி டேப்பை விரித்தான்.
"பட்டையில பிழையில்ல.
தாங்கி ஒரு சாண் தள்ளி இருக்கு. எந்தப் பேயன் துளைச்சது?"

நான்தான்.
நிதர்சன் குந்துவதற்கு
வலப்பக்கம் ஒரு பலகை வேண்டியிருந்தது.
குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
குழி வந்தால் தாங்கியில் ஒரு தட்டு,
நிற்பாட்ட இரண்டு.
மூன்று தட்டினால் பசிக்குது.
கட்டாருக்குப் போய் இரண்டு கோடை.
அங்கே ஏசி பஸ்ஸாம்.
பலகையில் இப்போது குழாய் மட்டும் குந்தியிருக்கிறது.

"நாலு துளை, அரைமணி வேலை.
நடுவுக்குத் தள்ளிவிடவா?"

காற்று ஒரு கிரீஸ் டின்னை உருட்டிக்கொண்டு போனது.
"இடப்பக்கம் இன்னொரு பட்டை போடு."
"வலப்பக்கம்?"
"ஏழே காணும்."
ஏதோ கேட்க வாய் திறந்தவன்
நட்டு டின்னைக் கிளறத் தொடங்கினான்.

இப்போது தாங்கி நிரம்பியிருந்தால்
டாஷ்போட்டில் வைத்த மாபிள் உருளாது.
வீடு வீடாய், வாளி வாளியாய்,
கடைசிப் படலையில் நானே இறங்கித்
தண்ணீரை அடிமட்டும் திறந்துவிட,
எட்டுப் பட்டையும் மூச்சுவிட்டு நிமிர
லொறி சாய்கிறது,
வலப்பக்கம், பலகைப் பக்கம்.

"அக்கா, ஸ்பிரிங் போட்டுதோ?"

"இல்ல. போன கிழமைதான் சரிபண்ணினது."