நிறை பார்த்தல்

உண்மையானது என்றால்
ஸ்குரூ இரண்டின் தலையும் ஆறிதழ்ப் பூ.
கள்ளக் கசெற்றுக்குச் சாதாரணச் சிலுவைத்தலை.
இது என் சீ.ஆர். கொப்பியின் முதற்பக்கம்.
இரண்டாம் பக்கத்தில் நிறைகள்.
மூன்றாவதில் போன வருடம் நான் ஏமாந்த விலை,
சிவப்பு மையில்.

கஸ்தூரியார் வீதி,
உதயசீலனின் போன் திருத்தும் கடை.
சாம்பல் நிறக் கசெற். முகத்தாளின் ஓரம் மட்டும் வெளிறல்.
"கனடாவிலையிருந்து வந்தது. ஒருத்தரும் தொடேல்லை.
பன்னிரண்டாயிரம்."

பக்கத்து நகைக்கடையில் கெஞ்சித்
தங்கத் தராசில் வைத்தேன்.
தாலிக்கொடிக்குக் காத்திருந்த சனம்
ஏதோ புதுவித அடைவு என்று விலகி நின்றது.
எண்பத்தாறு கிராம். கொப்பியும் அதையே சொன்னது.
"பத்தே முக்கால் பவுண் வருது, அண்ணை"
என்று சிரித்தான் தராசடிப் பெடியன்.

திரும்பி வந்து கழற்றினேன்.
சிப்பின் முதுகில் தொண்ணூற்றிரண்டு, நாற்பத்தேழு:
ஆண்டும், வாரமும்.
அந்த வாரம் இங்கே கரண்ட் இல்லை.
பற்றறி தடைசெய்த பொருள்.
சைக்கிளைக் கவிழ்த்து மிதித்துத்தான் செய்தி கேட்டோம்.
உலகத்தின் வேறொரு மூலையில்
சில்லறைக் காசளவு பற்றறி ஒன்று
யாரோ ஒரு பிள்ளைக்கு
இன்னும் எத்தனை உயிர் மிச்சம் என்று
ஞாபகம் வைத்திருக்கத் தொடங்கியிருக்கும்.

இதில் பற்றறி புதிது.
ஈயம் ஒட்டிய கை அவசரப்படாத கை.
ஸ்குரூக் குழிக்குள் நகக்கண்ணளவு செம்மண்.

"கனடாவிலும் கோப்பாய் மண்தானோ?"

உதயசீலன்
யாரோ ஒருவருடைய போனின் உடைந்த முகத்தை
மும்முரமாய்த் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரீவியில் கொழுவினோம்.
சேமித்த ஆட்டம் ஒன்று கிடந்தது:
நாற்பத்தொரு மணித்தியாலம்,
கடைசிக் கோட்டைக்கு முந்தின அறை.
பெயர் மூன்றே எழுத்து.
யூ, டி, ஏ.

இதற்குக் கொப்பியில் நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

"அழிச்சுத் தரட்டோ?"
பெருவிரல் பொத்தானில் இருந்தது. அமத்தவில்லை.

"வேண்டாம், கிடக்கட்டும்.
பற்றறி மாத்தினதுக்கு ஆயிரம் குறையுங்கோ."

"மாத்தின கூலிக்கு
ஆயிரம் கூட்டவெல்லோ வேணும்."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தார்.

கடைசியில் பன்னிரண்டாயிரம்தான்.
காசை எண்ணாமல் லாச்சிக்குள் போட்டார்.
நான் படியிறங்கி ஹெல்மெற்றைக் கொழுவும்போது
உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"அந்த அறையிலை
வலப்பக்கக் கதவைத் திறந்திடாதேங்கோ."