மணிக்கு எத்தனை பெட்டி

காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலையில்
என் வேலை காகிதம்.
பெட்டி எண், சீல் எண், கப்பலின் பெயர்,
எடை, மூன்று தசமம் வரை.
பழத்தை நான் தொடுவதில்லை.
ஜூன் பிறந்தால் வாசனை மட்டும்
துப்பட்டாவில் ஏறி வீடுவரை வரும்.

இந்த வாரக் கப்பல் சென்னைக்கு வந்துவிட்டது,
ஆனால் வரவில்லை.
வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது.
முன்னால் ஐந்து கப்பல்.
ஒரு கிரேன் பழுது. இன்னொன்று
மணிக்குப் பதினெட்டுப் பெட்டிதான் தூக்குகிறதாம்.
"இருபத்தெட்டு ஆச்சுன்னா சொல்லுங்க சார்"
என்றேன் ஏஜெண்டிடம்.
சிரித்தார். சிரிப்புக்குக் கட்டணம் இல்லை.
மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு, நாள்கணக்கில்.

மாதையன் டிரெய்லரோடு
துறைமுக வாசலில் இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் போன்:
"மேடம், முன்னாடி வண்டி நகர்ந்துச்சு.
ஒரு வண்டி நீளம்."
இதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

பீப்பாய் போகவில்லை, கிடங்கில் இடமில்லை.
இடமில்லை, கொதிகலன் பாதி நேரம்தான்.
கொதிகலன் ஓய்ந்த மதியத்தில்
எடைமேடை தொடங்கி சேலம் ரோடு வரை டிராக்டர்கள்.
தார்ப்பாய்க்கு அடியில் பெங்களூரா
யாரையும் கேட்காமல் பழுத்துக்கொண்டிருந்தது.
காலையில் கிலோ பதினொன்று.
மதியம் ஒன்பது.
சாயங்காலம் முதலாளி பலகையைத் துடைத்தார்,
எதுவும் எழுதவில்லை.

சந்தூர் திம்மக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கேட்டாள்:
"கப்பலுக்கும் என் காய்க்கும் என்னம்மா?"
பதில் என்னிடம் இருந்தது,
மூன்று நகல்களில் இருந்தது.
"தண்ணி குடிக்கிறீங்களா" என்றேன்.

கல்லூரிச் சுற்றுலாவில் மெரினா போனோம்.
இருட்டில், கடல் முடிகிற இடத்தில்,
விளக்குகள் ஒரே வரிசையில்.
ஒருத்தி அதை ஊர் என்றாள்.
எல்லோரும் படம் எடுத்தோம், படத்தில் விழவில்லை.
காத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?
ஒவ்வொரு விளக்குக்கும்
எந்த ஊர் எடைமேடையில்
எத்தனை டிராக்டர் நின்றதோ.

இரவு ஒன்று நாற்பதுக்குச் செய்தி:
கப்பல் தளம் சேர்ந்தது.
எழுந்து தேதிகளைத் திருத்தி ஜித்தாவுக்கு அனுப்பினேன்.
மாதையன் குரலில் டீ சூடு இருந்தது.

காலையில் பலகையில் எட்டு.
திம்மக்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு
விடியுமுன் போய்விட்டிருந்தாள்.
வாசலிலிருந்து வளைவு வரை
தாரின் மேல் மஞ்சளாய் ஒரு கோடு, ஈ மொய்த்தபடி.
கூழ்தான்.
நாங்கள் அரைத்ததில்லை.